என் சம்பளம் சாம்பாராகிறது, அவர் சம்பளம் சுவராகிறது. இது சரியான கணக்கா?

கோவைடீச்சர் | ஞாயிறு, இரவு 10.50

வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கல்யாணமாகி 9 வருடம். மகள் இரண்டாம் வகுப்பு. நான் தனியார் பள்ளியில் டீச்சர், கைக்கு வருவது 26,000. வீட்டுக்காரர் ஐ.டி., கைக்கு 92,000. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் சண்டை எதுவும் இல்லை, அவர் நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலாவது பதிலுக்குள் எனக்கு வக்கீல் பார்த்துவிடுவீர்கள்.

2019இல் சரவணம்பட்டி பக்கம் ஃபிளாட் வாங்கினோம். அப்போதே பேசி வைத்தது: இ.எம்.ஐ., மெயின்டனன்ஸ், கரண்ட் பில், அத்தையின் மருந்து அவர் பொறுப்பு. மளிகை, பால், காய்கறி, மகளின் ஸ்கூல் வேன், வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் என் பொறுப்பு. பெரிய பாரம் அவருக்கு, சின்னது எனக்கு. நியாயமாகத்தான் தெரிந்தது.

போன மாதம் ஆண்டு விழா. மகளுக்கு மயில் டிரஸ், 1,400 ரூபாய். தேதி 22, என்னிடம் 600தான் இருந்தது. கேட்டேன். கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது சும்மா, கோபமெல்லாம் இல்லாமல், "உன் சம்பளம் என்னதான் ஆச்சு?" என்றார்.

அன்று ராத்திரி பழைய லெசன் பிளான் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மளிகை, பால், காய் 13,000. வேன் 2,200. அக்காவுக்கு 3,000. டிரஸ், புராஜெக்ட், பிறந்தநாள் கிஃப்ட் என்று மகள் செலவு 3,000. ஆக 21,200. சீட்டுக்கு 3,000. மீதி 1,800, அதில்தான் என் பஸ், என் போன்.

அவர் பக்கம்: இ.எம்.ஐ. 34,000, மெயின்டனன்ஸ் 2,800, கரண்ட் மாதக் கணக்கில் 1,200, அத்தை மருந்து 4,500. ஆக 42,500.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ஆறு வருடமாக அவர் கட்டிய பணம் வீடாக நிற்கிறது, அவர் பெயரில். நான் கட்டிய பணத்தைச் சாப்பிட்டுவிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை.

இதை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது? அதற்கு முன்னால், நான் நினைப்பது சரிதானா?

---

எக்ஸல்மன்னன் | ஞாயிறு, இரவு 11.15

நினைப்பது சரி. எண்ணில் பார்த்துவிடலாம்.

இருவர் வருமானம் சேர்த்து 1,18,000. வீட்டுச் செலவு 63,700. மிஞ்சுவது 54,300. இதில் இப்போது உங்கள் கையில் சீட்டையும் சேர்த்து 4,800. அவர் கையில் 49,500.

ஆளுக்குப் பாதி என்று போட்டால் தலைக்கு 31,850. உங்கள் சம்பளத்தையே தாண்டிவிடும், அந்தப் பேச்சே வேண்டாம்.

வருமான விகிதப்படி போட்டால் உங்கள் பங்கு 22 சதவீதம், அதாவது சுமார் 14,000. இப்போது 21,200 கொடுக்கிறீர்கள். ‘சின்ன பாரம்’ என்று நீங்கள் நினைத்தது ஒவ்வொரு மாதமும் 7,000 அதிகம்! விகிதப்படி மாற்றினால் உங்களுக்கு 12,000 மிஞ்சும், அவருக்கு 42,300.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, செலவு போக மிஞ்சியதைச் சமமாகப் பிரிப்பது. தலைக்கு 27,150. நானும் மனைவியும் இப்படித்தான் செய்கிறோம். இதற்கு உங்கள் வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

இன்னும்கல்யாணமாகல | ஞாயிறு, இரவு 11.22

இந்த இழையை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். ஜாதகம் பார்ப்பதை ஆறு மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

---

ஓஎம்ஆர்வாசி | திங்கள், காலை 8.05

அந்த 92,000 வாங்குகிறவன் சார்பில் ஒரு வார்த்தை. திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படியுங்கள்.

எனக்கும் கிட்டத்தட்ட அதே சம்பளம். ‘மிஞ்சுவது 49,500’ என்று எக்ஸலில் ஒரு கட்டத்துக்குள் எழுதிவிடலாம். எனக்கு அது மிஞ்சுவதில்லை. அப்பா ஊரில் வீட்டை எடுத்துக் கட்டியதில் வாங்கிய கடன், தங்கை குழந்தைக்குக் காதுகுத்து, பெட்ரோல், கார் இன்ஷூரன்ஸ். எல்லாவற்றையும் விட, ஐ.டி.யில் இருப்பவனுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயம். எங்கள் டீமில் போன வருடம் நாலு பேர் ஒரே நாளில் போனார்கள். வேலை போனால் ஆறு மாதம் இ.எம்.ஐ. கட்ட ஏதாவது வேண்டாமா? உங்கள் வீட்டுக்காரர் ஊதாரி இல்லையென்றால் அந்தப் பணம் எங்கேயோ உங்கள் குடும்பத்துக்காகத்தான் இருக்கும்.

‘அவர் பெயரில்’ என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. வீடு வீட்டுக்குத்தானே?

---

பழையகேஷியர் | திங்கள், காலை 10.30

கடைசி வரிக்கு மட்டும் என் பதில், தம்பி. முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். ‘வீடு வீட்டுக்குத்தானே’ என்று நம்பி கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயர்தான் பேசும்.

டீச்சர் அம்மா, ஒரு கேள்வி. ஃபிளாட்டுக்கு வங்கி முழுப் பணமும் தராது. முன்பணம் எங்கிருந்து வந்தது?

---

கோவைடீச்சர் | திங்கள், மாலை 5.40

அதை எழுத விட்டுவிட்டேன் சார். விட்டதுகூட இல்லை, எழுதக் கூச்சமாக இருந்தது. என் நகை 18 பவுன். விற்றதில் நாலே முக்கால் லட்சம் வந்தது. மீதி அவர் சேமிப்பும் பி.எஃப்.பும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "வீடு வந்தால் நகையை அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். இன்றைக்குப் பவுன் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

ஓஎம்ஆர்வாசி சார், நீங்கள் சொல்லும் பயம் இவருக்கும் உண்டு, எனக்குப் புரிகிறது. மாதம் 15,000 ஃபண்டில் போடுகிறார் என்பது தெரியும். மற்றது தெரியாது. கேட்டதில்லை.

காதுகுத்து என்றீர்கள். போன தை மாதம் நாத்தனார் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராக இரண்டரைப் பவுனும் வெள்ளித் தட்டும் போயின. செய்ய வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. சீர்த்தட்டு அடுக்கியதே நான்தான். ஆனால் தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்ததே நகைக்கடை பில்லைப் பார்த்துத்தான். அதே மாதம் என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு 3,000 அனுப்ப, "அனுப்பட்டுங்களா?" என்று இரண்டு நாள் முன்கூட்டியே கேட்டேன். அனுப்பியது என் சம்பளத்திலிருந்துதான்! அவர் "இதெல்லாம் எதுக்குக் கேட்கிற?" என்றுதான் சொன்னார். ஆனாலும் நான் கேட்டேன், அவர் கேட்கவில்லை. இந்த வித்தியாசத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

---

நைட்டூட்டி | செவ்வாய், அதிகாலை 3.20

டூட்டி ரூமிலிருந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். நான் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ், 48,000. அவர் மொபைல் கடை வைத்திருந்தார். கொரோனாவில் கடை படுத்தது, 2021இல் ஷட்டரை இறக்கிவிட்டோம். இப்போது ஒரு கடையில் வேலை, 15,000.

கடை ஓடிய காலத்தில் என் ஏ.டி.எம். கார்டு அவர் பர்ஸில்தான் இருக்கும். பின் நம்பரும் அவருக்குத்தான் தெரியும். சம்பளம் வந்தது எனக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் தெரியும், போனதும் எஸ்.எம்.எஸ்.ஸில் தெரியும். எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு இன்னமும் இதே கதைதான், ஒருத்திக்கு மாமியார் கையில் கார்டு.

கடை மூடியதும் கார்டு என்னிடம் வந்தது. ஒருநாள் காலையில் டிபன் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜ் பக்கம் வந்து நின்றவர், ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே "ஒரு இருநூறு இருக்குமா, பெட்ரோலுக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எத்தனை வருடம் அப்படி நின்றிருக்கிறேன் என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும் என நினைக்கிறேன். பழிவாங்கின மாதிரி சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அதற்கப்புறம் ஜாயின்ட் அக்கவுன்ட் ஆரம்பித்தோம். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் இல்லாமல் போனால் மற்றவருக்கு என்கிற வகை. சம்பளம் வந்ததும் இரண்டு பேரும் அதில் போட்டுவிடுவோம். ஒன்றாம் தேதி ஆளுக்கு 3,000 எங்கள் தனிக் கணக்குக்கு வரும். எனக்கும் 3,000, அவருக்கும் 3,000. அதற்குப் பெயர் ‘கேள்வி கேட்கக் கூடாத காசு’. அவர் டீக்கடையில் நண்பர்களுக்கு வாங்கிக் கொடுப்பாரோ, நான் ஆன்லைனில் புடவை பார்ப்பேனோ, அது அவரவர் பாடு.

கோவை அக்கா, சதவீதம் அப்புறம் இருக்கட்டும். முதலில் கேட்காமல் செலவு செய்ய உங்களுக்கென்று ஒரு தொகை வேண்டும்.

---

ஓஎம்ஆர்வாசி | செவ்வாய், காலை 8.30

சரி, அந்த ஃபிரிட்ஜ் விஷயம் கொஞ்சம் குத்தியது.

வேறு ஒரு யோசனை. யு.பி.ஐ. சர்க்கிள் என்று 2024இல் வந்ததே, அதில் வீட்டுக்காரர் உங்களைச் சேர்த்துவிட்டால் அவர் கணக்கிலிருந்தே நீங்கள் ஜிபே பண்ணலாம். மாதம் 15,000 வரை. மளிகை முழுக்க அதிலேயே முடிந்துவிடும், கேட்கவும் வேண்டாம்.

---

கோவைடீச்சர் | செவ்வாய், மாலை 6.10

நன்றி சார். ஆனால் நான் 40 ரூபாய்க்கு மல்லிகைப்பூ வாங்கினாலும் அவர் போன் டிங் என்று அடிக்குமே!

---

காவேரிக்கரை | செவ்வாய், இரவு 9.00

நான் சம்பளமே இல்லாதவள். திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக இல்லத்தரசி. இங்கே பேசலாமா?

இதுவரை எழுதிய எல்லோரும் சம்பளத்தை மட்டுமே எண்ணினீர்கள். டீச்சர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே. 22 சதவீதம் என்று பங்கு பிரித்த எக்ஸல் தம்பி இதற்கும் ஒரு வரிசை சேர்க்கணும்.

நான் சும்மா பேசவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்ப, இங்கே மனைவி குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அவள் வீட்டைப் பார்த்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அந்தச் சொத்தில் அவளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பு. அதே வருடம் செப்டம்பர் 15ஆம் தேதி மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அரசாங்கமும் ‘உதவித் தொகை’ என்று பெயர் வைக்கவில்லை, ‘உரிமைத் தொகை’ என்றுதான் வைத்தது. ஆயிரத்தில் என்ன கிடைக்கும் என்பது வேறு பேச்சு. பெயர் முக்கியம்.

என் சொந்தக் கதை ஒன்று. 2016 நவம்பர் 8, ராத்திரி டிவியில் 500, 1,000 செல்லாது என்றார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்ப் பரணில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், உளுந்து டப்பா, பூஜை அறைச் செம்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினேன். 38,500 ரூபாய். பதினோரு வருடத்துச் சேமிப்பு. அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "இவ்வளவும் என் காசா?" என்றார். "உங்க காசுதான். ஆனா நான் மிச்சம் பிடிக்கலைன்னா இது இருந்திருக்காது" என்றேன். அன்றைக்குப் பேசினோம் பாருங்கள், கல்யாணமாகி அப்படிப் பேசியதே இல்லை. அடுத்த வாரம் என் பெயரில் கணக்கு தொடங்க அவரே கூட வந்தார்.

---

தெளிவுக்காரன் | செவ்வாய், இரவு 9.25

இது குடும்பமா, பார்ட்னர்ஷிப் கம்பெனியா? எங்கள் அம்மா அப்பா இப்படி நோட்டுப் போட்டா வாழ்ந்தார்கள்?

---

காவேரிக்கரை | செவ்வாய், இரவு 9.31

உங்கள் அம்மாவிடம் உளுந்து டப்பாவில் எவ்வளவு இருந்தது என்று கேட்டுவிட்டு வாங்க தம்பி.

---

நிர்வாகி | புதன், காலை 7.00

இதற்கு நடுவில் வந்த பதினொரு பதில்களை நீக்கியிருக்கிறேன். அம்மாக்களை விட்டுவிடுங்கள். கணக்குக்கு வாருங்கள்.

---

பழையகேஷியர் | புதன், காலை 11.10

டீச்சர் அம்மா, நகை விஷயம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை சீதனம், அது முழுக்க முழுக்க உங்கள் சொத்து. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரளப் பெண்ணின் வழக்கில் இதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. அவருக்குக் கல்யாணத்தில் போட்டது 89 பவுன். கஷ்டத்துக்குக் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டிய தார்மிகக் கடமை அவனுக்கு உண்டு என்றது நீதிமன்றம். 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. உங்களை வழக்குப் போடச் சொல்லவில்லை. ‘வீட்டில் என் பங்கு என்ன’ என்று கேட்கும்போது பிச்சை கேட்கிற குரல் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பத்திரத்தில் பெயர் சேர்க்க, அவர் பங்கில் பாதியை உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் கடன் முடியும்வரை மூலப் பத்திரம் வங்கியில்தான் இருக்கும், அவர்கள் சம்மதம் இல்லாமல் அசைக்க முடியாது. வாங்கும்போதே இரண்டு பெயரில் வாங்கியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. இனி வாங்குகிறவர்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் இன்றைக்கு உடனே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மாற்றிப் போடுங்கள். சாப்பாட்டுச் செலவை அவர் எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் சம்பளத்தைச் சேமிப்பாக்குங்கள், உங்கள் பெயரில். குடும்பத்துக்குள் வருவதும் போவதும் அதே தொகைதான். ஆனால் யாருடைய பணம் மறைகிறது, யாருடைய பணம் நிற்கிறது என்பது மாறும்.

இதில் வரி லாபமும் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள், காது கொடுப்பார். அவர் தன் பணத்தை உங்கள் பெயரில் டெபாசிட் போட்டால், கொடுத்ததற்கு வரி இல்லை, ஆனால் அதில் வரும் வட்டியை அவர் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்தே போட்டால் வட்டி உங்கள் வருமானம். வருடத்துக்கு 3,12,000 வாங்குகிறவருக்கு என்ன வரி வரப்போகிறது?

---

எக்ஸல்மன்னன் | புதன், பகல் 12.40

சார் சொன்னது என் மூன்று வழியையும் விட நல்ல வழி. நான் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். கொடுத்தது என்னவாகிறது என்று பார்க்கவில்லை. காவேரிக்கரை அம்மா, நீங்கள் சொன்ன வீட்டுவேலை வரிசையை எக்ஸலில் சேர்த்துவிட்டேன். வீட்டில் காட்டியதும் மனைவி சிரித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரைக் கையில் கொடுத்துவிட்டாள்.

---

ஓஎம்ஆர்வாசி | புதன், பகல் 1.15

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது எடுத்தவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி. இனி எடுப்பதாக இருந்தால், திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874, அதன் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும்போதே அதற்கு ஒரு படிவம் இருக்கும், அப்புறம் மாற்ற முடியாது. அப்படி எடுத்தால் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது, மனைவிக்கும் குழந்தைக்கும்தான். நான் எடுத்தது அப்படித்தான். என் பெயரில் எத்தனை கடன் இருக்கிறதென்று இரவில் படுத்துக்கொண்டு எண்ணுகிறவன் நான், அதனால் தெரியும்.

என் மனைவிக்கு என் ஃபண்ட் பாஸ்வேர்ட் எதுவும் தெரியாது என்று இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. இன்று ராத்திரி உட்கார வேண்டும்.

---

கோவைடீச்சர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. என்ன ஆச்சு என்று நாலு பேர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

போன ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் லெசன் பிளான் நோட்டை எடுத்து வைத்தேன். முதலில் சிரித்தார், "இதென்ன, எனக்குப் பரீட்சையா?" என்றார். கேஷியர் சார் சொன்ன மாதிரி வரியில் ஆரம்பித்தேன். நோட்டை வாங்கிக்கொண்டார். 4,800, 49,500 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "நான் இப்படிப் பார்க்கவே இல்ல" என்றார். அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது, "இத்தனை நாள் மனசுல வச்சிருந்தியா?" என்று. அரைநாள் பேசவில்லை. சாயங்காலம் அவரே மளிகை லிஸ்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்று திரும்பி வந்து அதிர்ச்சியாகச் சொன்னார். எனக்கே சொன்னார்!

இந்த மாதத்திலிருந்து மளிகை, பால், வேன் அவருடையது. அக்கா சம்பளமும் மகள் செலவும் என்னுடையது. சீட்டு தொடர்கிறது. போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் 10,000 ரூபாய் கட்டும் ஆர்.டி. தொடங்கிவிட்டேன், அஞ்சு வருடத்தில் ஏழு லட்சம் சொச்சம் வருமாம். அம்மாவுக்கு இந்த மாதம் கேட்காமல் அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

பத்திரத்துக்கு "பார்க்கலாம்" என்றார். அது எந்தப் ‘பார்க்கலாம்’ என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசியில், "இவன் காலேஜ் சேர என் ஆறு பவுன் செயின் போச்சு. நான் எழுதியா வச்சேன்?" என்றார். என்னைச் சொன்னாரா, அவரைச் சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் பயம்.

---

பழையகேஷியர் | ஞாயிறு, இரவு 10.45

நல்லது அம்மா. ஆர்.டி.க்கு நாமினி போட்டீர்களா? மகள் பெயர் என்றால், மைனர் என்பதால் அவளுக்காகப் பணம் வாங்கப் பெரியவர் ஒருவர் பெயரும் எழுத வேண்டும்.

---

கோவைடீச்சர் | ஞாயிறு, இரவு 10.52

எழுதிவிட்டேன் சார். அத்தை பெயர்.